ஏகாம்பரத்துக்கு ஒரு சொல்

கம்ப்யூட்டரில் ஒரு ஆங்கிலச் சொல்லின் மேல் அழுத்தினால், அதே அர்த்தம் உள்ள சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. என் தம்பி மகள் சுமதி காட்டினாள். அவள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், ஆட்களை எடுப்பது, அனுப்புவது சம்பந்தமான பிரிவில் வேலை பார்க்கிறாள். யாரையோ வேலையிலிருந்து நிறுத்துகிற கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். 'டெர்மினேட்' என்று ஏற்கெனவே இரண்டு இடத்தில் வந்துவிட்டது, மூன்றாவது இடத்தில் வேறு போடலாம் என்று அழுத்தி, 'டிஸ்மிஸ்' என்பதை எடுத்துப் போட்டாள்.

"அந்த ஆள் தப்பு ஏதாவது செஞ்சானா?" என்றேன்.

"இல்ல அத்தே. ஆள் குறைக்கிறாங்க, அவ்வளவுதான்."

"அப்ப அத எடுத்துடு. டிஸ்மிஸ்னா தப்பு செஞ்சவன்."

"எல்லாம் ஒண்ணுதானே அத்தே? வேலை போச்சு."

வேலை போனதில் ஒன்றுதான். ஆனால் அந்த ஆள் அடுத்த கம்பெனி வாசலில் போய் அந்தக் காகிதத்தை நீட்டும்போது ஒன்றாக இருக்காது. சொன்னேன். எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, "உங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். ஏதோ பேச்சை மாற்றி காபி போடப் போய்விட்டேன். அவளிடம் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஸ்டெனோ. சொந்த ஊர் பொன்னேரி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் திருவள்ளூரில் சித்தி வீட்டில் தங்கி, டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்தேன். அங்கேயே கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி அது. ஒரே அர்த்தம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இரண்டு சொற்கள் ஒன்றல்ல என்று முதலில் எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

பூண்டிப் பக்கத்திலிருந்து நெல் விவசாயி ஒருவர் வந்திருந்தார். பக்கத்து நிலத்துக்காரன் மீது வழக்கு. வக்கீல் பாதி கேட்டதுமே 'ட்ரெஸ்பாஸ்' என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். அத்துமீறி நுழைந்தான் என்று. விவசாயிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் வக்கீல் எந்த திசையில் போகிறார் என்பது புரிந்திருக்க வேண்டும்.

"அவன் நம்ம நெலத்துல கால் வெக்கல சாமி" என்றார்.

"அப்புறம் எதுக்குய்யா கேஸு?"

"வருஷா வருஷம் அவன் பக்கம் வரப்ப ஒரு சீவு சீவி, அந்த மண்ண நம்ம பக்கம் அணைச்சிடறான். இன்னா ஏதுன்னு கேட்டா, நான் எங்கய்யா வந்தேன்றான். அவன் வரல. வரப்புதான் வந்துக்கினு கீது."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். "எழுதினத அடிச்சிடும்மா. இது ட்ரெஸ்பாஸ் இல்ல, என்க்ரோச். கால் வெச்சா அது. வரப்ப நடக்க வெச்சா இது" என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வரப்பு என் கூடவே நடந்து வந்தது.

பிறகு அப்பாவுக்குக் கண்பார்வை மங்கி, கடை வியாபாரத்தை விட வேண்டி வந்தது. தம்பிகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பொன்னேரிக்கே திரும்பி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எழுபதுகளின் ஆரம்பம். பனைமரங்களுக்கும் முள்ளுக்காட்டுக்கும் நடுவே ஒவ்வொன்றாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். காலையில் பாசஞ்சர் வண்டியில் இறங்கி, கூட்டமாக நடந்து போவோம். எங்கள் பவுண்டரிக்குப் பக்கத்தில் போகும்போதே சுட்ட மண் வாசனை வரும். ரோட்டோரப் புளியமரத்து இலையெல்லாம் கறுப்புப் பொடி படிந்திருக்கும். இப்போதும் எங்கேயாவது வெல்டிங் பட்டறையைத் தாண்டிப் போனால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

அங்கே என் மேலதிகாரி ஜெகந்நாதம். பர்சனல் ஆபீசர். தொழிலாளிகளின் சேர்க்கை, விடுப்பு, தண்டனை, பஞ்சாயத்து எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். பள்ளிப்பட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், சட்டம் படித்த இடத்தில் ஆங்கிலம். "தமிழும் இங்கிலீசும் எனக்கு வாடகை வீடு வசந்தாம்மா. அதான் ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிக்கிறேன்" என்பார்.

அவர் உட்கார்ந்து டிக்டேஷன் கொடுத்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, வெளியே பார்த்துக்கொண்டு சொல்வார். சரளமாக வந்துகொண்டிருக்கிற குரல் ஒரு இடத்தில் நின்றுவிடும். நான் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன். அந்த இடத்துக்குப் பொருந்துகிற இரண்டு சொல்லை ஒன்றன்பின் ஒன்றாக முணுமுணுப்பார். பிறகு திரும்பி, "இதுல எது யாரப் பாத்துக் கை நீட்டுது, சொல்லுங்க" என்பார். பரீட்சை வைக்கிற மாதிரி கேட்க மாட்டார். உண்மையிலேயே தெரியாமல் கேட்பார்.

யோசனை முன்னாலேயே நடந்தாக வேண்டும். அந்தக் காலத்து டைப்ரைட்டரில் ஒரு சொல்லை மாற்றுவது என்றால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிப்பது. மேல் தாளில் ரப்பர் போட்டு அழித்தால் கார்பனுக்குக் கீழே இருக்கிற காப்பியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அழித்த தடம் இருக்கிற காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். தொழிலாளி தரப்பு வக்கீல் அந்தத் தடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதலில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்பாராம்.

ஒரு தடவை கிரேன் ஓட்டுகிறவர் வார்ப்புப் பெட்டியை இடித்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம். 'நெக்லிஜென்ஸ்' என்று போடலாமா, 'கேர்லெஸ்னெஸ்' என்று போடலாமா? எனக்கு இரண்டும் கவனக்குறைவுதான். அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அடுப்புல பால் வெச்சிட்டு, பக்கத்துலயே நின்னு பராக்கு பாத்துட்டிருக்கும்போது பொங்கிடுச்சு. அது கேர்லெஸ். பால் உங்க பொறுப்புன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, நீங்க அது பாட்டுக்குக் கொதிக்கட்டும்னு சினிமாவுக்குப் போயிட்டீங்க. அது நெக்லிஜென்ஸ்."

"பால் வெச்சிருக்கறதே தெரியாம வெறக தள்ளிட்டா?"

அவர் முகம் மலர்ந்தது. "இன்அட்வர்டென்ட்! கிரேன்காரர் அதுதான் செஞ்சாரு. பெட்டி அங்க இருக்கறது அவருக்குத் தெரியாது." அப்படியே போட்டோம். கிரேன்காரருக்கு எச்சரிக்கை வெறும் அறிவுரையாக முடிந்தது.

நாங்கள் எப்போதும் ஒத்துப்போனோம் என்று இல்லை. 'ரெக்வெஸ்ட்' என்பதா 'ஆஸ்க்' என்பதா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். டீ கொண்டு வருகிற அம்மா, "இன்னா, ரெண்டு பேரும் சொத்து பிரிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏகாம்பரம் விஷயம் வந்தது அப்போதுதான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துக்காரர் ஏகாம்பரம். ஏரியில் வலை வீசுகிற குடும்பத்திலிருந்து பவுண்டரிக்கு வந்தவர். வார்த்து எடுத்த இரும்பிலிருந்து பிசிறு தட்டுகிற இடத்தில் வேலை. அமைதியான ஆள். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு என்று வீட்டிலிருந்து கிளம்பியவர் கம்பெனிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வரவே இல்லை.

இதற்கு ஒரு நடைமுறை உண்டு. நேர அலுவலகத்திலிருந்து தினமும் வராதவர் பட்டியல் வரும். தொடர்ந்து ஒருவர் பெயர் வந்தால் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் பதிவுத் தபாலில் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். கடைசியாக, 'அபாண்டன்ட்' என்று எழுதி, அதாவது வேலையைக் கைவிட்டுப் போனார் என்று எழுதி, பெயரை அடித்துவிடலாம். ஏகாம்பரத்துக்குப் போட்ட பதிவுத் தபால் திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் தமிழில் 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தார். நோட்டீஸும் போர்டில் ஒட்டியாயிற்று.

ஒர்க்ஸ் மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. உற்பத்தி முழுவதும் அவர் பொறுப்பு. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எங்கள் அறைக்கு வந்து, "ஆள் இல்லைன்னு போஸ்ட்மேனே எழுதிட்டான். அபாண்டன்ட்னு போட்டு முடிங்க ஜெகந்நாதம். அவன் எடத்துல சுந்தரம் மாசக்கணக்கா பதிலியா நிக்கிறான். அவனப் பர்மனென்ட் பண்ணணும்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சுந்தரம் கவரப்பேட்டைப் பையன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏகாம்பரம் பெயர் பட்டியலில் இருக்கிற வரைக்கும் அவன் வெறும் பதிலிதான், எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பப்படலாம். "அம்மா, அவரு வந்தா நான் போறேன். வராதவருக்காக நான் எத்தினி நாளு நின்னுக்கினே இருக்கறது?" என்று அவனே ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

கடைசிக் கடிதத்தை நான் அடிக்கப் போகிற நாளில் கன்னியம்மா வந்தாள். ஏகாம்பரத்தின் மனைவி. பொன்னேரிச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு, காலிக் கூடையோடு ரயிலேறி வந்திருந்தாள். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, "வாடை அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து ஓரமாக நின்றாள்.

"நோட்டீசு ஒட்டிக்கீறதா சொன்னாங்க. இன்னா எழுதிக்கீறீங்க, படிச்சிக் காட்டும்மா."

நான் ஜெகந்நாதம் சாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். தமிழில் சொன்னேன். இந்த நாளிலிருந்து வரவில்லை, விளக்கம் தரவில்லை, ஆகவே வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படுவார்.

"கைவிட்டாருன்னா?"

"வேலைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம்மா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வேலைய மட்டும் வுட்டாருன்னு நீங்க எழுதுவீங்க. எங்க குப்பத்துல அத அப்படிப் படிக்க மாட்டாங்க. கைவிட்டுட்டுப் பூட்டான்னா, எங்கள கைவிட்டுட்டுப் பூட்டான்னுதான் படிப்பாங்க. கம்பெனியே எழுதிக் குடுத்துடுச்சேன்னுவாங்க. அவரு காணாமதான் பூட்டாரு சாமி. அத எழுதுங்க."

"போலீஸ்ல சொல்லியிருக்கீங்களாம்மா?" என்றார் சார்.

"போலீசு எதுக்கு சாமி, பேஜாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் போன பிறகு சார் செருப்பைக் கழற்றினார். ஜன்னலுக்குப் போனார்.

"அபாண்டன்" என்றார். "விட்டவன் மேல கை நீட்டுது. மனசறிஞ்சு விட்டான்னு சொல்லுது. அவன் மனசு நமக்குத் தெரியுமா?"

"அப்ப மிஸ்ஸிங்னு போடுங்க சார். அவங்க சொன்ன மாதிரி."

"மிஸ்ஸிங்னா தேடறவங்க பக்கம் கை நீட்டுது. யாரோ தேடறாங்க, கெடைக்கலன்னு. நாம தேடினமா? போலீஸ் தேடிச்சா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன காட்டுவேன்?" திரும்பிப் பார்த்தார். "நமக்குத் தெரிஞ்சது என்ன? நம்ம எடத்துல அவன் இல்ல. அவ்வளவுதான். ஆப்சென்ட். அது காலி எடத்தப் பாத்து மட்டும்தான் கை நீட்டும். யாரையும் குத்தம் சொல்லாது."

"அது போதாது சார். வராதவன்னு மட்டும் எழுதினா சோம்பேறின்னு படிப்பாங்க."

அதன் பேரில் வாக்குவாதம். அவர் ஒரு சொல் வைப்பார், நான் தள்ளுவேன். நான் ஒன்று சொல்வேன், அவர் சட்டத்தைக் காட்டித் தள்ளுவார். சாயங்காலச் சங்கு ஊதியதற்குப் பிறகு ஒரு வாக்கியத்துக்கு வந்தோம். தொடர்ந்து ஆப்சென்ட், இருப்பிடம் குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. நான் சும்மா இருக்காமல், "நமக்கும் தெரியலன்னு சேத்துக்கோங்க சார். அந்தம்மாவ மட்டும் ஏன் தனியா நிறுத்தணும்?" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "குடும்பத்தாருக்கோ எங்களுக்கோ தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியத்தையும் மெதுவாகச் சொன்னார். நான் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே மெஷினில் அடித்தேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

ஆப்சென்ட் என்றால் பெயரை அடிக்க முடியாது. ஒர்க்ஸ் மேனேஜர் குதித்தார். "உங்க இங்கிலீசுக்காக நான் ஒரே எடத்துல ரெண்டு பேர வெக்க முடியாது. சுந்தரத்துக்கு எடம் எங்க?"

"என் செக்‌ஷன்ல ஒரு அசிஸ்டென்ட் போஸ்ட் காலியா இருக்கு. ஆள் எடுக்கப் போறேன்னு சொல்லியிருந்தேன். அத உங்களுக்குக் குடுத்துடறேன். ஒரு ஆள் கூட வெச்சுக்கோங்க" என்றார் சார்.

"உங்க வேலைய யாரு பாக்கறது?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான், "நாங்க பாத்துக்கறோம் சார்" என்றேன். 'நாங்க' என்று சொல்லிவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது.

சுந்தரம் நிரந்தரமானான். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் மூன்று பேர் வேலையைப் பார்த்தோம்.

என் வாழ்க்கையில் ஏதாவது ஒரு வருடத்தைத் திரும்பக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வருடத்தைத்தான் கேட்பேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அசிஸ்டென்டுக்கு என்று போட்டிருந்த மேஜையில் ஃபைல்களைப் பரப்பி எதிரும் புதிருமாக உட்கார்ந்து சரிபார்ப்போம். மத்தியானம் அங்கேயே சாப்பாடு. அவர் டப்பாவில் தயிர்சாதமும் புளிச்சகீரை ஊறுகாயும் இருக்கும். ஊறுகாயைப் பாதி என் மூடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடவே ஆரம்பிப்பார். மழைநாளில் தகரக் கூரை மேல் விழுகிற சத்தத்தில் டிக்டேஷன் காதில் விழாது. பக்கத்தில் வந்து நின்று சொல்வார். அந்த மழை நிற்காமல் இருந்தால் தேவலை என்று இருக்கும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தால், "இந்த ஒரு வார்த்தை மட்டும் முடிச்சுட்டுப் போங்க" என்பார். முடிக்க மாட்டோம். நாளைக்கு என்று வைத்துவிட்டுப் போவோம். மறுநாளைக்கு என்று ஒன்று மிச்சம் இருக்கிறது என்கிற நினைப்போடு பொன்னேரி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து போன அந்தப் பயணங்களைப் போல ஒன்றும் பிற்பாடு எனக்கு அமையவில்லை.

கன்னியம்மா அவ்வப்போது வருவாள். பெயர் பட்டியலில் இருந்ததால் மாதா மாதம் ஏகாம்பரம் பெயருக்கு ஒரு புது வருகை அட்டை எழுதி, கேட் பக்கத்துச் சுவரில் இருந்த தட்டில் செருகிவிடுவார்கள். வருகிறவர்கள் மெஷினில் அழுத்தி நேரம் பதிக்கிற அட்டை. மற்ற அட்டைகளில் மை படிந்திருக்கும், அவருடையது வெள்ளையாக இருக்கும். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அது எந்த வரிசையில் எத்தனையாவது என்று தெரியும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்து, அட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அடுத்த வருடம் விசாகப்பட்டினம் பக்கத்தில் கம்பெனி ஒரு புதுத் தொழிற்சாலை தொடங்கியது. தெலுங்கு தெரிந்த, சட்டம் தெரிந்த அதிகாரி வேண்டும். ஜெகந்நாதம் சாரை விட்டால் யார்? பதவி உயர்வு. நான்தான் அந்த உத்தரவை அடித்தேன். 'ரிலீவ்ட்' என்று வந்தது. பொறுப்பிலிருந்து விடுவிப்பது. வலி குறைவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அதைப் பற்றி நாங்கள் அன்று பேசவில்லை.

வழியனுப்பு விழா முடிந்து எல்லோரும் போன பிறகு, மாலையை மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கமாக நின்றிருந்தார். நான் டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல பொண்ணு பாத்திருக்காங்க" என்றார். "என் கன்சென்ட் கேக்கறாங்க."

என் கை உறையின் மேலேயே நின்றது. "அக்ரி பண்ணிட்டீங்களா சார்?"

"அக்ரிமென்ட் யாரும் கேக்கல. கன்சென்ட்தான் கேட்டாங்க."

எங்கள் இருவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். ஒத்துப்போகிறவனுக்கு அதில் விருப்பம் இருக்கும். சம்மதம் கொடுக்கிறவன் அடுத்தவர் விருப்பத்துக்குத் தடை சொல்லாமல் இருந்தாலே போதும். நான் ஒரு சொல் சொல்வதற்காக அவர் அந்த இடைவெளியை விட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பார்வை போன அப்பாவும் படிப்பு முடியாத தம்பிகளும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மொழியும் சாதியும் இருந்தன. இதெல்லாம் அவருக்கும் தெரியும். இருந்தும் கேட்டார்.

"குடுத்துடுங்க சார்" என்றேன்.

"சரிம்மா" என்றார். ஓரமாக விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார். என்றைக்கும் 'வசந்தாம்மா' என்றுதான் சொல்வார், அன்று பெயர் சொல்லவில்லை.

எனக்கும் பிற்பாடு கல்யாணம் நடந்தது. ரயில்வேயில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர். இந்தக் கதையெல்லாம் அவருக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். "அந்தாளு இன்னும் கொஞ்சம் சத்தமா கேட்டிருக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜெகந்நாதம் சார் போன மறுவருடம், பொங்கல் கழிந்த ஒரு காலையில் வாட்ச்மேன் ஓடி வந்தார். "அம்மா, ஏகாம்பரம் வந்து நிக்கறாரும்மா!"

கேட்டுக்குப் போனேன். இளைத்து, கறுத்து, தலை குனிந்து நின்றிருந்தார். பக்கத்தில் கன்னியம்மா. புதுப்புடவை கட்டியிருந்தாள். கூடை இல்லை. அவரை நேர அலுவலகத்துக்குள் அனுப்பிவிட்டு, அவளைப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்கம்மா இருந்தாரு இத்தன நாளா?"

"நெல்லூராண்ட. கூட ஒருத்தி."

தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்ப தெரியும்?"

"மொத மாசமே தெரியும். எங்காளுங்க படகுல போயிக்கினு வந்துக்கினுதானே கீறாங்க, சொல்லாம இருப்பாங்களா?"

"தெரிஞ்சேவா எங்ககிட்ட வந்து, காணாம போயிட்டாரு, காணாம போயிட்டாருன்னு நின்னே?"

அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓடிப்போனவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பி வருவான் சொல்லு? வர முடியாதும்மா. காணாம போனவன் வரலாம். வந்தா கெடச்சிட்டான்னுதான் ஊரு சொல்லும். அட்ட அங்கயே கீது, பேரு அங்கயே கீதுன்னு ஆளுங்ககிட்ட சொல்லி அனுப்பிக்கினே இருந்தேன். வந்துட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்குத்தான் அவரு காணாம போனாரு. எனக்கு ஓடித்தான் போனாரு. அத நான் ஊட்டுல வெச்சிக் கேட்டுக்கறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கேட்டுக்குப் போய், வெள்ளை அட்டையில் முதல் தடவையாக மை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயர் பட்டியலில் இருந்ததால் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. எச்சரிக்கை ஒன்று கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒர்க்ஸ் மேனேஜரே சொல்லிவிட்டார். புதிதாக வந்திருந்த பர்சனல் ஆபீசர் நாற்காலியில் சாய்ந்தபடி டிக்டேஷன் கொடுத்தார். 'ரிப்போர்ட்டட் பேக்' என்றார்.

"ரெஸ்யூம்ட்னு போடட்டுமா சார்? நடுவுல நின்னிருந்த வேலைய மறுபடி தொடர்றாருன்னு."

"எதையாவது போடும்மா. எல்லாம் ஒண்ணுதான்."

என் இடத்துக்கு வந்து அடித்தேன். ரெஸ்யூம்ட் என்றே போட்டேன். காகிதத்தை உருவும்போது கன்னியம்மா சொன்னது முழுசாக வாயில் வந்து நின்றது. ஓடிப்போனவன் வர முடியாது, காணாம போனவன் வரலாம். நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தும் இந்த இடத்துக்கு வரவில்லை. இதைக் கேட்டால் ஜெகந்நாதம் சார் என்ன செய்வார், ஜன்னலிலிருந்து எப்படித் திரும்புவார் என்றுகூடத் தெரிந்தது. எழுந்து வேகமாக அறைக்குப் போனேன். கதவைத் தள்ளிக்கொண்டே, "சார்!" என்றேன்.

புதியவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல் சாத்தியிருந்தது.

"என்னம்மா?"

கையில் இருந்த காகிதத்தை நீட்டினேன்.

"கையெழுத்து, சார்."